காலுக்கேற்ற செருப்பும் காலத்துக்கேற்ற செருப்பும்

(அவலூர்பேட்டையில் வாலிபர்கள் கூட்டிய கூட்டமொன்றில் ஒரு தோழர் பேசியது)



இன்று என்னைப் பேச அழைத்த வாலிபத் தோழர்கள் எனக்குக் கொடுத்திருக்கும் விஷயம் செருப்பு. இதைக் கேட்டதும் சிலர் சிரிக்கிறீர்கள். நானும் முதலில் சிரித்தேன். கடவுளைப் பற்றிப் பேசு, ஜாதியைப் பற்றிப் பேசு, பெண்ணுரிமையைப் பற்றிப் பேசு என்று கேட்பார்கள்; செருப்பைப் பற்றிப் பேசு என்று எவரும் இதுவரை என்னைக் கேட்டதில்லை. ஆனால் யோசித்துப் பார்த்ததில் அந்த மூன்றும் இந்த ஒன்றுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன என்று தெரிந்துகொண்டேன்.

சங்கதி என்னவென்றால், செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் மராட்டியப் படைத்தளங்கள் என்ற வரிசையிலே 12 கோட்டைகளில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன; மீதி ஒன்று நம்முடையது. அந்த உற்சாகத்தில் நம் பக்கத்து வாலிபர்கள், தேசிங்கு நவாபோடு சண்டை செய்ததை அக்காலத்து உடை, ஆயுதம், அணிவகுப்போடு அப்படியே நடித்துக் காட்ட வேண்டுமென்று எண்ணியிருக்கிறார்கள். தலைப்பாகை தயார், அங்கி தயார், அட்டைக் கேடயம் தயார். காலுக்கு வந்ததும் தகராறு வந்துவிட்டது. ஒருவர் ரப்பர் செருப்பு போதும் என்கிறார்; ஒருவர் சரித்திரம் கெட்டுவிடும் என்கிறார்; மற்றொருவர் எல்லோரும் வெறுங்காலோடு வரட்டும், செலவு மிச்சம் என்கிறார். இந்த மூன்று அபிப்பிராயத்தையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதலில் சரித்திரம். செஞ்சியை ஒரே காலமாக நினைத்துக்கொண்டு வேஷம் கட்டுவது பெரும் பிசகு. அங்கே நாயக்கர்கள் ஆண்டார்கள். 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் உள்ளேயிருக்க, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் 1690 முதல் முற்றுகை போட்டு 1698-ல்தான் பிடித்தான். பிறகு வடநாட்டுப் புந்தேலா வம்சத்தாராகிய சொரூப்சிங்கும், அவர் மகன் தேஜ்சிங்கும் வந்தார்கள். அந்தத் தேஜ்சிங்தான் நம் கதைப்பாட்டின் தேசிங்கு. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானோடு போரிட்டு அவர் மாண்டது 1714 அக்டோபர் 3. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரரும் 1761-ல் இங்கிலீஷ்காரரும் கோட்டையைக் கைப்பற்றினார்கள். இத்தனை பேர் காலிலும் ஒரே செருப்பு இருந்திருக்குமா?

நாயக்கர் காலத்தை எடுத்துக்கொண்டால், 1520-ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த டொமிங்கோ பயஸ் என்னும் போர்ச்சுகீசியர் கண்டதை எழுதி வைத்திருக்கிறார். ஜனங்களில் ஏறக்குறைய எல்லோரும் வெறுங்காலோடுதான் நடந்தார்களாம். போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு முனை கூர்ந்த ஜோடு. சிலருக்கு அடித்தோல் மட்டும் இருந்து மேலே வார்களால் கட்டிக்கொள்ளும் செருப்பு. நம் கிராமத்துக் கிழவர்கள் போட்ட வார்ச்செருப்பும் இந்த ஜாதிதான். தேசிங்கு காலத்துக்கு வந்தால், அக்காலத்து ஓவியங்களில் வடநாட்டு சர்தார்கள் முனை நீண்டு மேல்நோக்கிய தோல் ஜோடு போட்டிருப்பதைப் பார்க்கலாம். பிரெஞ்சு, இங்கிலீஷ் சோல்ஜர் வேஷம் போடுகிறவருக்கோ வார்ப்பூட்டு வைத்த மூடிய சப்பாத்து வேண்டும். அதிலும் ஒரு வேடிக்கை. அக்காலத்துச் சோல்ஜர் சப்பாத்தில் இடக்கால் வலக்கால் என்ற பேதமே கிடையாது. இரண்டும் ஒரே அச்சு. காலை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் பழக்குவார்களாம். காலுக்கே பேதம் பாராட்டாத அந்தச் சப்பாத்தைக் கண்டாவது மனிதருக்குப் பேதம் பாராட்டுகிறவர்கள் வெட்கப்படலாம்.

பாஷையைப் பார்த்தாலும் இந்தச் சரித்திரம் தெரியும். செருப்பு என்றும் தொடுதோல் என்றும் சங்க நூல்களிலேயே சொல் இருக்கிறது. பாப்பாசு என்பது பாரசீகச் சொல். சப்பாத்து போர்ச்சுகீசியர் கொடுத்தது. பூட்ஸ் இங்கிலீஷ்காரர் கொடுத்தது. வந்தவர்கள் எல்லோரும் தங்கள் காலையும் காலின் பெயரையும் இங்கே விட்டுப் போயிருக்கிறார்கள். ஆகையால் எந்த வருஷத்துச் சண்டை, யாருடைய வேஷம் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகு செருப்புக்கு அளவு கொடுங்கள். கண்காட்சிக்குப் போய்ப் பழைய ஓவியத்தையும் சிற்பத்தையும் பாருங்கள். சினிமாவைப் பார்த்துச் செருப்புத் தைக்காதீர்கள். 1960-ல் வந்த ராஜா தேசிங்கு படம் பார்க்க நன்றாயிருக்கலாம். அது செருப்புக்குச் சாட்சியாகாது.

நிற்க, இரண்டாவது சௌகரியம். சரித்திரம் சரியாக இருந்து கால் புண்ணாகிப் போனால் தேசிங்கு நவாபிடம் போய்ச் சேருமுன் வைத்தியரிடம் போய்ச் சேருவான். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். படியெல்லாம் கருங்கல். சித்திரை வெயிலில் அந்தக் கல் தோசைக்கல். மழையில் நனைந்தாலோ வழுக்குப்பாறை. அங்கே வழவழத்த தோலடிச் செருப்போடு ஏறுவதும் இறங்குவதும் வீரமல்ல, விவேகமற்ற காரியம். ஆகவே மலையேறுவது அவரவர் பழகிய செருப்பில் இருக்கட்டும். வேஷச் செருப்பைப் பையில் எடுத்துப்போய், நடிக்கிற இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

வேஷச் செருப்பைத் தைக்கச் சொல்லும்போது கவனிக்க வேண்டியவை சில. அளவைச் சாயங்காலத்தில் கொடுங்கள். பகல் முழுதும் நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். காகிதத்தின்மேல் நின்றுகொண்டு இரண்டு காலையும் வரையச் சொல்லுங்கள். அநேகருக்கு ஒரு கால் மற்றதைவிடப் பெரிது. மூடிய ஜோடானால் விரலுக்கு முன் அரைக் கட்டைவிரல் இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் கறுத்துப் போகும். தோல், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலாக இருக்கட்டும். குரோமியம் போட்டுப் பதனிடும் முறை 19-ம் நூற்றாண்டில் தோன்றி, இந்தச் சென்னை மாகாணத்தில் 1903-க்குப் பிறகு ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் முயற்சியால் பரவியது; தேசிங்கு அதைக் கண்டதில்லை. ஆவாரம்பட்டைத் தோல் முதலில் விறைப்பாக இருக்கும். ஆமணக்கெண்ணெய் தடவி ஊறவிட்டு, விசேஷத்துக்கு மூன்று வாரம் முன்னிருந்தே தினம் ஒரு மணி நேரம் வீட்டில் போட்டு நடந்து பழகுங்கள். புதுச்செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே போர்க்களத்துக்குப் போனவனை எதிரி வெட்டவேண்டியதில்லை, செருப்புக்கடியே போதும்.

இன்னொரு யுக்தியும் சொல்லுகிறேன். உள்ளே பாதம் படுகிற இடத்தில் மெத்தென்ற துணியோ இன்னொரு தோலோ வைத்துத் தைக்கலாம். அடியில் பழைய டயர் ரப்பரை வைத்து, ஓரம் வெளியே தெரியாமல் தோலை மடித்து மூடலாம். மேலே பழமை, கீழே புத்தி. இதனால் சரித்திரத்துக்கு மோசமில்லை. பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரிவதுதான் வேஷம். தெரியக்கூடாதவை பளபளக்கும் நைலான் நூல், ஜிப், கம்பெனி முத்திரை, பக்கவாட்டில் தெரியும் ரப்பர் நுரை ஆகியவை. அமெரிக்காவிலே 1863-ல் கெட்டிஸ்பர்க்கில் நடந்த சண்டையையும், இங்கிலாந்திலே 17-ம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரையும் வருஷந்தோறும் இப்படி நடித்துக் காட்டுகிற கூட்டத்தார் இருக்கிறார்கள். அவர்களும் பழங்காலச் சப்பாத்துக்குள்ளே இக்காலத்து மெத்தையை ஒளித்து வைத்துக்கொள்ளுகிறார்கள். நீரிழிவுக்காரரும், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவரும் வெறுங்காலும் வேண்டாம், புதுச்செருப்பும் வேண்டாம். வைத்தியர் சொன்னதையே போட்டுக்கொள்ளட்டும். அதைக் குறைசொல்லும் சரித்திரப் புலிகளைக் கோட்டை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

இனி மூன்றாவது. உண்மையில் நான் பேச வந்தது இதைத்தான். எல்லோரும் வெறுங்காலோடு வரட்டும் என்று சொன்ன தோழர் ஒரு திருத்தமும் கொடுத்தார். ராஜாவும் சர்தார்களும் ஜோடு போட்டுக்கொள்ளட்டும், காலாட்படை மட்டும் வெறுங்காலாக வரட்டும், அதுதான் அசல், அந்த வேஷத்துக்குச் சேரித் தோழர்களைக் கூப்பிட்டுக் கொள்ளலாம், அவர்களுக்கு வெறுங்கால் பழக்கம் என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. நல்ல எண்ணத்தோடேயே இப்படிச் சொல்லத் தோன்றுகிறதே, அதைக் கண்டுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தோழர்களே! வெறுங்கால் யாருக்கும் பழக்கத்தால் வந்ததல்ல. செருப்பு வாங்கப் பணமில்லாதது ஒரு காரணம். செருப்புப் போட்டால் உதை விழும் என்பது மற்றொரு காரணம். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிடர்மேல் ஆதிக்க ஜாதியார் 8 தடைகளை விதித்தார்கள். முழங்காலுக்குக் கீழே துணி கட்டக்கூடாது; சட்டை போடக்கூடாது; மண்சட்டி தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது; பெண்கள் மாரை மூடக்கூடாது; இப்படிப் போகிற பட்டியலில் கடைசித் தடை, குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்பது. அது பழைய கதை என்று யாராவது சொல்லக்கூடும். 1950-ல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. 1955-லும் 1989-லும் தண்டனைச் சட்டங்கள் வந்தன. அத்தனைக்கும் பிறகு 2023 டிசம்பரில், திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் பக்கத்து ராஜாவூரில், தாழ்த்தப்பட்ட தோழர்கள் சுமார் 60 பேர், தங்களுக்குத் தடையாக இருந்த ஒரு தெருவிலே முதன்முதலாகக் காலில் செருப்போடு நடந்தார்கள். அது ஊர்வலமாகச் செய்ய வேண்டிய காரியமாக இருந்தது என்றால் நம்முடைய நாகரிகம் எந்த லட்சணத்தில் இருக்கிறது பாருங்கள்.

நான் சிறுவனாயிருந்தபோது ஒரு கிழவரைத் தினம் பார்ப்பேன். ஊரார் செருப்பையெல்லாம் தைத்துக் கொடுக்கிறவர் அவர். தமக்கென்றும் ஒரு ஜோடி தைத்திருந்தார். எங்கள் தெருமுனை வந்ததும் அதைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சுடுமணலில் ஓட்டமாக ஓடி, மறுமுனையில் மறுபடி போட்டுக்கொள்வார். அவர் ஏன் ஓடுகிறார் என்று வீட்டில் கேட்டேன். அது வழக்கம் என்றார்கள். யார் ஏற்படுத்திய வழக்கம் என்று கேட்டேன். அதற்கு முதுகில் ஓர் அறை கிடைத்தது. அந்த அறைக்கு இன்றுதான் பதில் சொல்லுகிறேன்.

வழக்கம் என்பதற்கு இப்போது அசல் என்று புதுப்பெயர் வைத்திருக்கிறோம். நான் கேட்கிறேன்: தேசிங்கு மாண்டதும் அவர் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்பது சரித்திரம். அசலாக நடித்துக் காட்ட வேண்டும் என்பதற்காக ஒரு பெண்ணைக் கட்டையில் வைத்துக் கொளுத்துவீர்களா? மாட்டீர்கள். உடன்கட்டை 1829-ல் வங்காளத்திலும் 1830-ல் சென்னை மாகாணத்திலும் சட்டத்தால் ஒழிந்தது. அதை நடிக்க வேண்டுமானால் திரைக்குப் பின்னே புகையைக் காட்டி நிறுத்திக்கொள்வீர்கள். அங்கே அசல் வேண்டாம், அடையாளம் போதும் என்கிற புத்தி, காலாளின் காலுக்கு வந்ததும் எங்கே போய்விடுகிறது? கொப்புளம் கிளம்பும் கல்லில் ஒரு மனிதனை வெறுங்காலோடு நிறுத்துவது மாத்திரம் எப்படி அசலாகிறது? அசல் என்பதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று நாம்தான் தீர்மானிக்கிறோம். ஆகையால் அதற்குப் பொறுப்பும் நம்முடையதே. சரித்திரத்தின் தலையில் போட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது.

இன்னும் பாருங்கள். செஞ்சியிலே ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை சொல்லுகிறோம். நான்காவதாக ஒரு சிறு குன்றும் உண்டு. அதற்குச் சக்கிலி துர்க்கம் என்று நூல்களில் எழுதியிருக்கிறார்கள். தோல் வேலை செய்தவர்களின் ஜாதிப்பெயர் மலைமேலேயே ஏறி நிற்கிறது. நம் நாடகத்தில் மாத்திரம் அவர்களுக்கு இடமில்லை. கோட்டை என்பது கல்லாலும் சுண்ணாம்பாலும் மட்டும் ஆனதா? சேணம், கடிவாளம், அங்கவடி வார், கேடயம், வாளுறை, தண்ணீர்த் துருத்தி, வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் கவலைத் தோல், எல்லாம் யார் கைவேலை? தோல் வேலைக்காரன் ஒரு மாதம் சும்மா இருந்திருந்தால் எந்த ராஜாவின் குதிரையும் லாயத்தை விட்டுக் கிளம்பியிராது. தேசிங்கின் ராணி நினைவாக எழுந்ததென்று சொல்லுகிற ராணிப்பேட்டை இன்றைக்குத் தோல் பதனிடுகிற ஊர். ராணியின் பெயரைச் சொல்லுகிறோம். தோலை உழைத்துப் பதப்படுத்துகிறவன் பெயரைக் கேட்கிறோமா?

புராணத்திலும் இதே கதைதான். ராமனுடைய பாதுகை 14 வருஷம் சிம்மாசனத்தில் உட்கார்ந்து அரசாண்டதாகச் சொல்லுகிறார்கள். பாதுகை சிம்மாசனத்தில் ஏறலாம். செருப்புத் தைத்தவன் தெருவில் ஏறக்கூடாது! பாபநாசம் மலையிலே சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாகத் தொங்கவிடுகிறார்கள். அந்தப் பட்டவராயன்தான் கதைப்பாட்டில் வரும் முத்துப்பட்டன். பார்ப்பனனாகப் பிறந்து, தோல் வேலை செய்யும் குடும்பத்துப் பெண்கள் இருவரை மணக்க வேண்டித் தானே உட்கார்ந்து செருப்புத் தைத்தான் என்பது கதை. காணிக்கைச் செருப்பு சாமி போட்டு நடந்து தேய்ந்துபோகிறது என்று நம்புகிறார்கள். சாமிக்குச் செருப்புத் தேய்வதைப் பார்க்கிற கண்ணுக்கு, மனிதனுக்குக் கால் தேய்வது தெரியவில்லையே!

அது எப்படியோ இருக்கட்டும். செருப்பு அலங்காரமல்ல, அந்தஸ்துமல்ல, அது சுகாதாரம். மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடப்பவன் பாதத்தின் தோலைத் துளைத்துக்கொண்டு கொக்கிப்புழு உள்ளே போகிறது, ரத்தத்தைக் குடிக்கிறது. வெறுங்காலில் முள்ளும் ஆணியும் ஏறினால் இசிவு நோய் வருகிறது. காலம் காலமாக ஒரு கூட்டத்தாரைச் செருப்புப் போடாதே என்றது அவர்கள் மானத்தை மட்டுமல்ல, ரத்தத்தையும் உறிஞ்சிய காரியம். இதை அறிந்த பிறகு வெறுங்காலை வேடிக்கையாக வைக்க நமக்கு மனம் வருமா?

அப்படியானால் அக்காலக் காலாட்படையைச் செருப்போடு காட்டுவது பொய்யாகாதா என்று ஒரு தோழர் கேட்கலாம். நல்ல கேள்வி. பொய் வேண்டாம். வெறுங்காலோடு நடந்தவர்களும் இருந்தார்கள் என்பது தெரியட்டும். தெரியாமற் போனால் பழங்காலம் பொற்காலம் என்று அடுத்த தலைமுறை ஏமாறும். ஆனால் இப்படிச் செய்யுங்கள். வெறுங்கால் வேஷம் யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். ஊர்த்தெரு, சேரி, பணக்காரன், ஏழை என்ற வித்தியாசம் பாராமல் எல்லோர் பெயரையும் போடுங்கள். மிராசுதார் மகனுக்கு வெறுங்காலும், சேரித் தோழருக்குத் தேசிங்கின் ஜோடும் விழுந்தால் விழட்டும். அந்த வெறுங்காலும் மண் தரையில், நிழலில், கால் மணி நேரத்துக்கு மேற்படாமல் இருக்கட்டும். நடித்து முடிந்ததும் அவரவர் செருப்பு அவரவர் காலுக்கு வரட்டும். வழியில் எந்தத் தெருவிலும் எவரும் செருப்பைக் கழற்றக்கூடாது. நம் கூட்டம் எந்தத் தெரு வழியாகப் போனாலும் எல்லோரும் செருப்போடுதான் போகிறது என்று முன்னாலேயே தீர்மானம் செய்துகொள்ளுங்கள். இதற்குச் சம்மதமில்லாதவர்கள் சரித்திரத்தைக் காட்ட வரவில்லை, ஜாதியைக் காட்ட வருகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

கடைசியாக ஒன்று. நாடக நோட்டீசில் ஆர்மோனியக்காரர் பெயர் போடுகிறோம். சீன் கொடுத்தவர், விளக்குக் கொடுத்தவர் பெயர் போடுகிறோம். இம்முறை செருப்புத் தைத்துக் கொடுத்த தோழரின் பெயரையும் அதே அளவு எழுத்தில் போடுங்கள். அவரைக் கூட்டத்துக்கு அழைத்து நாற்காலி கொடுங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். இரண்டு தடவை அளவு பார்த்துத் திருத்தித் தருவதற்கும் சேர்த்துக் கொடுங்கள். தலைப்பாகைக்கு ஆயிரம் கொடுத்துவிட்டுச் செருப்புக்கு ஐம்பது குறைத்துக் கேட்பது, காலைவிடத் தலை உசத்தி என்ற பழைய வருணாசிரமப் புத்தியே ஒழிய வேறல்ல. தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று கதை கட்டியவர்கள், அந்தக் காலில்லாமல் தலை எங்கே போய் நிற்கும் என்று மட்டும் சொல்லவில்லை.

ஆகவே தோழர்களே! காலத்துக்கேற்ற செருப்பைத் தேடுங்கள், அது அறிவு. காலுக்கேற்ற செருப்பாகப் பாருங்கள், அது சௌகரியம். எல்லாக் காலுக்கும் செருப்பு உண்டா என்று கேளுங்கள், அது மானம். இம்மூன்றில் கடைசியை விட்டுவிட்டு முதல் இரண்டை எவ்வளவு அழகாகச் செய்தாலும், நீங்கள் நடிப்பது 1714 ஆக இருக்கும். நீங்கள் இருப்பதும் 1714-லேயே இருக்கும்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் உங்கள் செருப்பைக் கழற்றி வைக்கும்போது ஒரு நிமிஷம் அதைப் பார்த்து யோசியுங்கள். சரியென்று பட்டதைச் செய்யுங்கள்.